‘உண்மைக் குற்றம்’ என்பது என்ன குற்றம்?

“வாழ்க்கை வரலாறு எனக்கு ஒத்து வராது, நினைவுக் குறிப்பு பரவாயில்லை, உண்மைக் குற்றம் என்றால் உயிர்.” புத்தகம் படிப்பவர்கள் தங்கள் ருசியைச் சொல்லும்போது இப்போதெல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் சொல்கிறார்கள். முதல் இரண்டையும் பிறகு பார்ப்போம். மூன்றாவதைக் கேட்டுவிட்டு இனியும் சும்மா இருக்க முடியவில்லை. ஓடிடி பட்டியலில் ‘உண்மைக் குற்றம்’, புத்தக அறிமுகத்தில் ‘உண்மைக் குற்ற நூல்’, போதாக்குறைக்குப் பேட்டிகளில் ‘உண்மைக் குற்ற எழுத்தாளர்’.

‘ட்ரூ கிரைம்’ என்பதன் நேர்ப் பெயர்ப்பு இது. நடந்த குற்றத்தை, கற்பனை கலக்காமல் எழுதிய நூலுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். ‘ட்ரூ’ என்ற அடைமொழி அமெரிக்க இதழ் உலகில் ஒரு விற்பனை முத்திரை. பெர்னார் மக்ஃபேடன் 1919-ல் ‘ட்ரூ ஸ்டோரி’யைத் தொடங்கினார், 1924-ல் ‘ட்ரூ டிடெக்டிவ் மிஸ்டரீஸ்’ வந்தது. (அதில் ஆரம்பத்தில் கற்பனைக் கதைகளும் கலந்தே வந்தன என்பது தனி வேடிக்கை.) ‘கிரைம்’ லத்தீன் ‘கிரிமென்’ என்பதிலிருந்து வந்தது. அதற்குப் பொருள் குற்றச்சாட்டு, ஒருவர்மீது வைக்கும் வழக்கு. இது பின்னால் நமக்கு உதவும்.

சரி, ‘உண்மைக் குற்றம்’ என்றால் என்ன தவறு? ‘உண்மைக் கதை’ என்கிறோமே?

கதையில் பொய்க்கதையும் உண்டு, அதனால் உண்மைக் கதை என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. குற்றத்தில் அப்படிப் பொய்க்குற்றம் என்று ஒரு வகை இல்லை. இருப்பது பொய் வழக்கு, பொய்க் குற்றச்சாட்டு. ஆகவே ‘உண்மைக் குற்றம்’ என்று கேட்டதும் தமிழ்க் காது அதைப் பொய் வழக்குக்கு எதிர்ப்பக்கத்தில்தான் கொண்டுபோய் வைக்கும். ‘உண்மைக் குற்றவாளி யார்?’ என்று செய்தித்தாள் கேட்கும்போது நமக்குப் பொருள் தெளிவாக விளங்குகிறது: பிடிபட்டவன் ஒருவன், செய்தவன் வேறொருவன். அந்தக் கணக்கில் ‘உண்மைக் குற்ற எழுத்தாளர்’ என்றால் யார்? கொலையைச் செய்துவிட்டு எழுத உட்கார்ந்தவரா? பாவம், நூலகத்திலும் நீதிமன்ற ஆவண அறையிலும் தூசி தின்று எழுதிய மனிதர் அவர்.

ஆங்கிலத்தில் அந்த ‘ட்ரூ’ ஒட்டியிருப்பது குற்றத்தின்மேல் அல்ல, சொல்லும் முறையின்மேல். இதற்கு அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டியின் ‘இன் கோல்ட் பிளட்’ புத்தகமே சாட்சி. 1959-ல் கான்சஸ் மாநிலத்தின் ஹோல்கம் என்ற சிற்றூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். கொன்ற இருவரும் 1965-ல் தூக்கிலிடப்பட்டார்கள், 1966-ல் புத்தகம் வந்தது. அந்தக் கொலை நடந்ததா என்று எந்த வாசகரும் கேட்டதில்லை. கடைசிப் பக்கங்களில் துப்பறிந்த அதிகாரி கல்லறைத் தோட்டத்தில் ஒரு இளம்பெண்ணைச் சந்திக்கிறாரே, அது நடந்ததா என்றுதான் கேட்டார்கள். நடக்கவில்லை, கபோட்டி புனைந்தது. இன்றைக்கும் அந்தப் புத்தகத்தைப் பற்றிய வாசகச் சண்டை இதில்தான் நிற்கிறது. ஒரு கூட்டம் ‘அதனால் என்ன, எழுத்து எப்பேர்ப்பட்ட எழுத்து’ என்கிறது, இன்னொரு கூட்டம் ‘அட்டையில் ஒன்றைச் சொல்லி உள்ளே வேறொன்றைக் கொடுத்தால் எப்படி’ என்கிறது. நான் இரண்டாவது கூட்டம். குற்றம் உண்மையாக இருந்து, சொன்னது உண்மையாக இல்லாமல் போவதுதான் இந்த வகை நூலின் நோய். அந்த நோயைப் பற்றிப் பேசவே ‘உண்மைக் குற்றம்’ என்ற சொல் இடம் தராது.

அந்தச் சொல் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிற ஒரு நூல் உண்டு என்றால் அது கொலை வழக்குகளில் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதியதுதான். அதை நக்கீரன் வார இதழ் தொடராக வெளியிட முனைந்தபோது சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1994-ல் தீர்ப்பு வந்தது. பொது ஆவணங்களில் உள்ளதை அவருடைய சம்மதம் இல்லாமலே வெளியிடலாம், அதைத் தாண்டிப் போனால் அந்தரங்கத்தில் தலையிட்டதாகலாம், அரசு முன்கூட்டியே தடை போட முடியாது என்றது தீர்ப்பு. அந்தரங்க உரிமை பற்றிப் பேசும் சட்ட மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். சங்கர் 1995-ல் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். இங்கே எழுதியவரே குற்றவாளி, நூலோ தன்வரலாறு. ஒரே புத்தகம் இரண்டு அலமாரிக்கும் சொந்தம். மற்ற எழுத்தாளர்களை ஏன் இந்த வரிசையில் நிறுத்த வேண்டும்?

மாற்றாகச் சிலர் ‘மெய்க்குற்றம்’ என்கிறார்கள். தனித்தமிழ் ஆர்வம் புரிகிறது. ஆனால் மெய்க்காப்பாளர் உடம்பைக் காப்பவர் என்றால் மெய்க்குற்றம் உடம்பில் உள்ள ஊனமாகிவிடாதா? இலக்கணம் படித்தவருக்கு அது மெய்யெழுத்தில் வந்த பிழை. குற்றம் என்ற சொல்லே நம்மிடம் சட்டத்துக்கு வெளியே அகலமாக வாழ்கிற சொல். குறளின் 44-ஆம் அதிகாரம் குற்றங்கடிதல், அங்கே பேசப்படுவது செருக்கும் சினமும் கருமித்தனமும், கொலையும் கொள்ளையும் அல்ல. நக்கீரர் சிவனிடம் கண்டது பாட்டில் குற்றம். இப்படிப்பட்ட சொல்லின் முன்னால் மெய்யையோ உண்மையையோ ஒட்டினால் பொருள் நாலாபக்கமும் சிதறும்.

‘குற்ற வரலாறு’? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது குற்றவியலின் வரலாறு போலவும், காவல் நிலையத்தில் ரவுடி பேரில் திறந்து வைக்கும் பதிவேடு போலவும் ஒலிக்கிறது. ‘நிஜக் குற்றம்’ என்பது உண்மைக் குற்றத்தின் தம்பி, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் சொல் நம் கையிலேயே இருக்கிறது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கு, ஆளவந்தார் கொலை வழக்கு. நம் தாத்தா பாட்டிகள் இப்படித்தான் சொன்னார்கள், நாமும் அப்படித்தான் சொல்கிறோம். 1944-ல் சென்னையில் மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் குத்திக் கொல்லப்பட்டார். நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போய், லண்டன் பிரிவி கவுன்சில்வரை மேல்முறையீடு போய், 1947-ல் விடுதலையானார்கள். கொன்றது யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. உண்மைக் குற்றவாளி யார் என்று தெரியாத ஒரு சம்பவத்துக்கு ‘உண்மைக் குற்றம்’ என்று பெயர் வைப்பதைவிட வழக்கு என்பது எவ்வளவு நேர்மை! துப்புத் துலங்காவிட்டாலும் காவல்துறை ‘வழக்குப் பதிவு’ செய்துவிடுகிறது, ஆகவே சொல் அங்கேயும் பொருந்தும். லத்தீன் ‘கிரிமென்’ சொன்னதும் இதையேதான். கண்ணகி பாண்டியன் முன் நின்று பேசும் பகுதிக்குச் சிலப்பதிகாரம் வைத்த பெயரும் வழக்குரை காதை.

ஆக ‘குற்ற வழக்கு நூல்’, ‘குற்ற வழக்குத் தொடர்’, எழுதுபவர் ‘குற்ற வழக்கு எழுத்தாளர்’. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிட அழகான சொல் ஒன்றும் உண்டு: கொலைச்சிந்து. நடந்த கொலையைச் சிந்து மெட்டில் கட்டி, காலணா அரையணாப் புத்தகமாக அச்சடித்து, சந்தையிலும் ரயிலடியிலும் பாடிப் பாடி விற்றார்கள். வெள்ளம் வந்தால் வெள்ளச்சிந்து, கொலை விழுந்தால் கொலைச்சிந்து. இந்த வகை அமெரிக்காவிலிருந்து இறங்கிய புதுச்சரக்கு என்று நினைப்பவர்கள் அந்த மலிவுப் பதிப்புகளை, குஜிலிக் கடைப் புத்தகங்களை, ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். சிந்து பாட்டு என்பதால் உரைநடை நூலுக்கு அதை வைக்க மாட்டேன். யாராவது பாட்காஸ்டுக்கு வைத்தால் முதல் ஆளாகக் கேட்பேன்.

இப்போது அந்த ‘நினைவுக் குறிப்பு’, அதாவது ஆங்கில ‘மெமாயர்’. குறிப்பு என்பது அன்றன்றைக்கு எழுதி வைப்பது. ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் எழுதியது அது, அவரே ‘தினப்படி சேதிக் குறிப்பு’ என்றார். ஐம்பது ஆண்டு கழித்து நினைத்துப் பார்த்து எழுதுவது எப்படிக் குறிப்பாகும்? திரு.வி.க. தம் பெரிய நூலுக்கே ‘வாழ்க்கைக் குறிப்புக்கள்’ என்று பெயர் வைத்தாரே என்று கேட்பீர்கள். அது அவருடைய அடக்கம், வகைப் பெயர் அல்ல. கோவை அய்யாமுத்து ‘எனது நினைவுகள்’ என்றார், உ.வே.சா. ‘நினைவு மஞ்சரி’ என்றார். நினைவுகள் என்று நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்?

வாழ்க்கை வரலாற்றில் இன்னொரு கூத்து, ஒருவருடைய சுயசரிதையை வேறொருவர் எழுதுவது. ‘அவரது சுயசரிதையை எழுதிய பத்திரிகையாளர்’ என்று அச்சிலேயே பார்க்கிறேன். சுயம் எங்கே போயிற்று? மொழிபெயர்ப்பவர்களுக்கு அகராதியில் முதல் வரியைத் தாண்ட நேரமில்லை போலிருக்கிறது. ஈவிரக்கமில்லாமல் கொன்றான் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆங்கிலத்தில் அதற்கு ‘இன் கோல்ட் பிளட்’ என்றால், இவர்கள் ‘குளிர் ரத்தக் கொலை’ என்று சப்டைட்டில் போடுகிறார்கள். இவர்களுக்கு வகைப் பெயர் வைக்கும் வேலையையும் கொடுத்தால் ‘உண்மைக் குற்றம்’தான் வரும்.