ஷெவர்லே 350: பெரிய கேம் போட்டால் ஏன் இழுவை குறைகிறது?

அமெரிக்காவில் பழைய எஞ்சினைப் பிரித்து மறுபடி கட்டுகிறவர்களிடம் அதிகம் அடிபடும் பெயர் ஷெவர்லே 350. 1955-இல் 265 கன அங்குலத்தோடு தொடங்கிய வி8 குடும்பத்தில், 1967-இல் கமாரோ காரோடு வந்து சேர்ந்தது இது, 5.7 லிட்டர். உதிரி பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை. சிக்கலும் அதுதான். கேட்லாக்கைத் திறந்ததும், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஷாப்டில் பெரியதன் மேல்தான் கண் போகும். அதற்கு முன்னால் கம்ப்ரஷன் கணக்கை, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதை, போட்டுவிடுவது நல்லது.

தேய்ந்துபோன சிலிண்டரின் விட்டத்தை 4 அங்குலத்திலிருந்து 4.030 அங்குலமாகக் கடைவது வழக்கம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 3.48 அங்குலம். ஆக, ஒரு சிலிண்டரில் பிஸ்டன் தள்ளும் அளவு சுமார் 727 சி.சி. பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகும் மேலே கொஞ்சம் இடம் மிஞ்சும். தட்டையான பிஸ்டன் என்றால் கேஸ்கட் தடிமன், வால்வுக்காக வெட்டிய பள்ளம் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 20 சி.சி. மீதி, சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டில் உள்ள குழி. அது 64 சி.சி. என்றால் கம்ப்ரஷன் சுமார் 9.7, 76 சி.சி. என்றால் 8.6 தான். ஜெனரல் மோட்டார்ஸ் 1971-இல் கம்ப்ரஷனைக் குறைத்தபின் வந்த பல ஹெட்களில் குழி 76 சி.சி.

இப்போது கேமுக்கு வருவோம். பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும், கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு சற்று நேரம் திறந்தே இருக்கும். வேகமாக ஓடும்போது உள்ளே பாயும் காற்று அந்த உந்துதலிலேயே தொடர்ந்து வந்து சிலிண்டரை நிரப்பும். மெதுவாக ஓடும்போது உந்துதல் போதாது. ஏறும் பிஸ்டன் கலவையில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். பெரிய கேமில் வால்வு இன்னும் தாமதமாக மூடும், இழப்பும் கூடும். கம்ப்ரஷன் ஏற்கெனவே குறைவான 8.6 எஞ்சினுக்கு அதைப் போட்டால் சிக்னலில் சத்தம் பிரமாதமாக இருக்கும், கிளம்பும்போது இழுவை இருக்காது. பவர் பிரேக்குக்குத் துணை நிற்கும் எஞ்சினின் உறிஞ்சு விசையும் (வேக்குவம்) குறைவதால் பவர் பிரேக் மிதி கல்லாகிவிடும். மாறாக, கம்ப்ரஷன் அதிகம், கேம் ரொம்பச் சிறியது என்றால் சாதாரண பெட்ரோலில் கலவை தானாகவே வெடித்து 'நாக்' அடிக்கும். தெருவில் ஓட்டும் காருக்குக் கேட்லாக்கில் கண் போவதைவிட ஒரு படி சிறிய கேம்தான் என் தேர்வு.

காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரிலும் இதே பேராசை. 355 கன அங்குலமாகிவிட்ட இந்த எஞ்சின் 5,500 ஆர்.பி.எம்.மில் முழுக்க நிரம்பினாலும் நிமிடத்துக்குச் சுமார் 565 கன அடி காற்றுதான் இழுக்கும். 600 கன அடி கார்புரேட்டரே தாராளம், 850 எதற்கு?

அப்புறம், பிளாக் (சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடல்) எந்த ஆண்டு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். 1986-இல், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் இரண்டு துண்டிலிருந்து ஒரே துண்டானது. பழைய பிளாக்கில் புது கிராங்க் அப்படியே உட்காராது. 1987 முதல், கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் டேப்பட்டில் உருளை வைத்த ரோலர் டேப்பட் வந்தது. அதற்கு முந்தைய தட்டை டேப்பட் கேமில் உரசி ஓடுவதால் ஆயிலில் துத்தநாகக் கூட்டுப்பொருள் தேவை. அதிலுள்ள பாஸ்பரஸ் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் இன்றைய ஆயில்களில் அளவைக் குறைத்துவிட்டார்கள். எனவே தட்டை டேப்பட் போட்டால், அதற்கென வரும் ஆயிலையும் சேர்த்தே வாங்க வேண்டும்.