மறந்த பாஸ்வேர்டு மெயிலில் வந்தால்

போன மாதம் பெங்களூர் அல்சூரில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். கல்யாண மண்டபம் பதிவு செய்யும் ஒரு தளத்தின் பாஸ்வேர்டை அத்தை மறந்துவிட்டார். கேட்டதும் மெயிலில் வந்தது: பேத்தியின் பெயரும் பிறந்த வருடமும் சேர்த்து வைத்த பழைய பாஸ்வேர்டு அப்படியே! "பரவாயில்லையேப்பா, பத்திரமா வச்சிருக்காங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நம் பாஸ்வேர்டை ஒரு தளத்தால் நமக்கே திருப்பிச் சொல்ல முடிகிறது என்றால், அதன் சர்வருக்குள் புகுந்த திருடனாலும் படித்துவிட முடியும். உண்மையில் தளத்துக்கு நம் பாஸ்வேர்டு தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நாம் தட்டுவது சரியா என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

அதற்குத்தான் ஹாஷ், அதாவது பாஸ்வேர்டைத் திரும்ப மீட்க முடியாத வேறொரு வடிவமாக மாற்றும் முறை. மில்லில் அரைத்த மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது அல்லவா? தளம் மாவை மட்டும் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை நாம் பாஸ்வேர்டு கொடுத்ததும் புதிதாக அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கும்.

என்கிரிப்ஷன் வேறு. அது பூட்டு, சாவி இருந்தால் திறக்கும். அந்தச் சாவியும் பெரும்பாலும் அதே சர்வரில்தான் எங்காவது கிடக்கும். சில நேரம் சாவிகூடத் தேவைப்படாது. 2013-இல் போட்டோஷாப் தயாரிக்கும் அடோபி நிறுவனத்திலிருந்து 15 கோடிக்கும் மேற்பட்ட கணக்கு விவரங்கள் கசிந்தன. பாஸ்வேர்டுகள் என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தன. ஆனால் ஒரே பாஸ்வேர்டு வைத்த எல்லோருக்கும் ஒரே பூட்டிய வடிவம் வந்தது. பக்கத்திலேயே நினைவூட்டும் குறிப்புகள் பூட்டாமல் கிடந்தன. நூறு பேரில் ஒருவர் குறிப்பில் விடையையே எழுதியிருந்தால் போதும், மற்ற 99 பேருடையதும் தெரிந்துவிடும். குறுக்கெழுத்துப் புதிர் போல ஆராய்ச்சியாளர்கள் அதை அவிழ்த்தார்கள். சுமார் 19 லட்சம் பேர் 123456 என்று வைத்திருந்தது அப்படித்தான் வெளியே வந்தது.

சரி, ஹாஷ் மட்டும் போதுமா? போதாது. ஒரே அரிசிக்கு ஒரே மாவுதான் வரும். ஆகவே வழக்கமான பாஸ்வேர்டுகளையெல்லாம் திருடன் முன்பே அரைத்துப் பட்டியலாக வைத்துக்கொள்வான். 2012-இல் வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்திலிருந்து கசிந்த சுமார் 65 லட்சம் ஹாஷ்கள் அந்த நிலையில்தான் இருந்தன. அவற்றில் சால்ட் கிடையாது. சால்ட் என்பது ஒவ்வொருவர் பாஸ்வேர்டோடும் தனித்தனியாகக் கலக்கும் சில எழுத்துகள். உப்பு மாறினால் மாவும் மாறும். ஒரே பட்டியலை வைத்து எல்லோரையும் பிடிக்க முடியாது. இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. யூனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இதைச் செய்ததைப் பற்றி அதை உருவாக்கிய குழுவைச் சேர்ந்த ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979-லேயே எழுதிவிட்டார்கள். 33 வருடம் கழித்தும் உப்பு போட மறந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம் வேகம். எம்டி5, ஷா-1 போன்ற பழைய ஹாஷ் முறைகள் எல்லாம் மிக வேகமாக அரைக்கும் மில்கள். இன்றைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று வினாடிக்குக் கோடிக்கணக்கான யூகங்களை அரைத்துப் பார்த்துவிடும். அதனால்தான் 1999-இல் வந்த பிகிரிப்ட் என்ற ஹாஷ் முறை வேண்டுமென்றே மெதுவாக அரைக்கிறது. எவ்வளவு மெதுவாக என்பதற்கான அதன் அளவை ஒரு படி ஏற்றினால் நேரம் இரட்டிப்பாகும். நமக்குக் கால் வினாடி தாமதம் தெரியாது. கோடி முறை முயல்பவனுக்கு அது பல வாரக் கணக்கு.

அத்தை அதே பாஸ்வேர்டைத்தான் மெயிலுக்கும் வைத்திருந்தார். மற்ற கணக்குகளின் புதுப் பாஸ்வேர்டெல்லாம் மெயில் வழியாகத்தானே வரும்? அதை முதலில் மாற்றினோம்.