மாறுகாலம்

இரசாயன உரமும் பூச்சிமருந்தும் கண்ட நிலம், இயற்கை வேளாண்மைச் சான்று பெறுமுன் கடக்க வேண்டிய ஆண்டுகளுக்குச் சான்றளிப்புத் தாள்களில் 'கன்வெர்ஷன் பீரியட்' என்று பெயர். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? இந்தியாவில் 2001 முதல் நடப்பிலுள்ள, இயற்கை வேளாண் உற்பத்திக்கான தேசியத் திட்டத்தின் பொது விதிப்படி, நிலக்கடலை, கம்பு, கேழ்வரகு போன்ற பருவப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டுகள். அமெரிக்காவில் அறுவடையிலிருந்து பின்னோக்கி 36 மாதங்களை எண்ணுகிறார்கள். அங்கே 'டிரான்சிஷன்' என்ற சொல்லே மிகுதி.

'கன்வெர்ஷன்' என்பதன் வேர் லத்தீன் 'வெர்டெரே'. திருப்பு, புரட்டு என்று பொருள். ஏர் மண்ணைப் புரட்டுவதையும் லத்தீனில் இதே வினையால் சொன்னார்கள். 'டிரான்சிஷன்' என்றால் கடந்துபோதல்.

தமிழில் 'மாற்றுக் காலம்' என்றால் மாற்று வழி, மாற்றுப் பயிர் போல வேறொரு காலம் என்றே தோன்றும். 'காத்திருப்புக் காலம்' என்பதை நான் ஏற்கவே மாட்டேன். அந்த ஆண்டுகளில் உழவர் எங்கே காத்திருக்கிறார்? வட மாவட்டங்களில் மணிலா, மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையையே பாருங்கள். விதைக்குப் பூஞ்சைமருந்து கூடாது. கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா என்ற, நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நன்மைப் பூஞ்சையைக் கலந்து விதைக்க வேண்டும். களைக்கொல்லி கூடாது, முதல் 45 நாளுக்குள் களைவெட்டி மண் அணைத்தாக வேண்டும். பூவிலிருந்து கிளம்பிக் காயாகும் விழுது மண்ணில் இறங்கியபின் கொத்தினால் காய் கெடும். சுரங்கத்தில் வெட்டியெடுத்த ஜிப்சத்துக்குத் தடையில்லை. காய் திரள அதன் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கடலைக்குப் பின் கம்போ கேழ்வரகோ போட்டால், வேர்முடிச்சு விட்டுச்சென்ற தழைச்சத்து கொஞ்சம் அதற்குக் கிடைக்கும். ஆனால் செடியை வேரோடு பிடுங்கிக் கொடியை மாட்டுக்குப் போட்டுவிடுவதால், அந்தச் சத்து சாணமாக வயலுக்குத் திரும்ப வேண்டும். இத்தனை உழைப்புக்கும் சந்தையில் பழைய விலைதான். விளைச்சல் குறையும் ஆண்டும் இதுவே. பலர் பாதியில் விட்டுவிடுவது இங்கேதான். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே என் தேர்வு 'மாறுகாலம்'. ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை: மாறிய காலம், மாறுகின்ற காலம், மாறும் காலம் என மூன்றையும் தன்னுள் அடக்கும். இடையில் ஒற்று மிகாது, 'மாறுக்காலம்' பிழை. 'மாற்று' பிறவினை, 'மாறு' தன்வினை. சான்றிதழ் நிலத்தை மாற்றுவதில்லை. மண்புழுவும் நுண்ணுயிரும் பெருக நிலம் தானே மாறுகிறது.

பயன்பாடு: 'இந்த வயல் மாறுகாலத்தில் இருக்கிறது.' விதிமுறைகளைப் பின்பற்றி 12 மாதங்கள் ஆனபின், இந்நிலையைக் குறிப்பிட்டே பொருளை விற்க விதி இடம் தருகிறது. அந்த மூட்டைச் சீட்டில் 'மாறுகால நிலக்கடலை', 'மாறுகாலக் கம்பு' என்று அச்சிடலாம்.