திரை இருண்டவுடன் ரேம் செத்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள்

சென்ற வெள்ளிக்கிழமை மாலை கடையைச் சாத்தப்போகும் நேரத்தில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தந்தையும் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவருடைய மகனும் ஒரு கணினிப் பெட்டியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பையன் விடுமுறை நாட்களில் வேலை செய்து சேர்த்த பணத்தில் தானே பூட்டிய முதல் கணினி அது. "அண்ணே, மூன்று ஜோடி ரேம் மாற்றிவிட்டோம், மூன்றுமே செத்த சரக்கு" என்றார் தந்தை. ரேம் என்பது கணினி வேலை செய்யும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகப் பட்டை. அந்த மூன்று ஜோடிகளையும் என் சோதனை மதர்போர்டில் (பாகங்கள் எல்லாம் பூட்டப்படும் தாய்ப்பலகையில்) ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், ஒன்றிலும் குறையில்லை. பழுதாகிக் கிடந்தது, ரேமைச் செருகும் இடமான ஸ்லாட். மூன்றாவது ஜோடியைச் செருகும்போது கோபத்தில் திருப்பி வைத்து அழுத்தியிருக்கிறார்கள். ஸ்லாட்டின் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பு உடைந்து, உள்ளிருக்கும் மெல்லிய கம்பிகள் வளைந்துபோயிருந்தன. ரேம் விலை ஏறிக்கிடக்கும் இந்த நாளில் தேவையில்லாத இரண்டு ஜோடி ரேமும், அதோடு ஒரு மதர்போர்டும் வீண். இப்படி ஒரே மாதத்தில் என் மேசைக்கு வந்தது இது நான்காவது கணினி என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

புதிதாகப் பூட்டிய கணினியில் திரை வரவில்லை என்றால் ரேம் செத்துவிட்டது என்னும் நம்பிக்கை எங்கிருந்து பரவியது என்று எனக்கு விளங்கவில்லை. ரேம் எளிதில் சாகும் பாகம் அன்று. அதில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை, பெரிய சூடும் இல்லை. உற்பத்தியாளர்கள் பலர் அதற்கு ஆயுட்கால உத்தரவாதம் கொடுக்கிறார்கள் என்றால் அது தாராள மனத்தால் அன்று, திரும்பி வருவது குறைவு என்பதை அவர்கள் அறிந்திருப்பதால்தான். புது ரேமைப் போட்டுத் திரை இருண்டிருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது நம் பொறுமையை, அடுத்து நம் கட்டைவிரல்களை, அதற்கடுத்து ஸ்லாட்டின் வரிசையை, பிறகு பயாஸை (கணினியை எழுப்பும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்), அதற்கும் பிறகு பிராசசர் உட்காரும் சாக்கெட்டை. ரேம் கடைசியில்தான் வருகிறது.

பொறுமையை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. இப்போதைய தலைமுறையான டிடிஆர் 5 ரேம் போட்ட கணினியை முதன்முறையாக இயக்கும்போது, மதர்போர்டு ரேமோடு பேசிப் பழகுவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். இதை எங்கள் தொழிலில் டிரெயினிங் என்கிறோம். வேகம் 6000 என்று எழுதியிருக்கும் ரேமில் ஒரு பிட் தகவல் கம்பியில் நிற்கும் நேரம் சுமார் 167 பிகோ விநாடிதான் (ஒரு பிகோ விநாடி என்பது விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு). அந்த நேரத்திற்குள் மின்குறிப்பு மதர்போர்டின் செப்புக் கோட்டில் இரண்டரை சென்டிமீட்டர் அளவே நகர்ந்திருக்கும் என்பதால், ஒவ்வொரு கோட்டின் நீளத்துக்கும் ஏற்ப நேரத்தைத் தனித்தனியாகச் சரிசெய்தால் மட்டுமே படித்தது பிழையின்றி இருக்கும். இந்தச் சரிசெய்தல் நடக்கும்போது திரை இருண்டிருக்கும், விசிறி மட்டும் சுற்றும், சில போர்டுகள் தாமாகவே அணைந்து மறுபடி எழும். ஏஎம்டி பிராசசர்களுக்கான ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில் இது பல நிமிடங்கள் நீளும். பெரிய அளவு ரேமுக்குப் பத்து நிமிடத்தையும் தாண்டலாம். சாட்ஸ்வர்த் பையன் ஒரு நிமிடத்தில் அணைத்தான், மீண்டும் போட்டான், மீண்டும் அணைத்தான். ஒவ்வொரு முறையும் டிரெயினிங் முதலிலிருந்து தொடங்கியது. ஜோடியை மாற்றியபோதும் அதே கதைதான். முதல் நாள் இரவு பதினைந்து நிமிடம் அந்தக் கணினியைத் தொடாமல் விட்டிருந்தால் காசும் மிஞ்சியிருக்கும், போர்டும் பிழைத்திருக்கும். தயவுசெய்து காத்திருங்கள். போர்டில் டிராம் (DRAM) என்று எழுதிய சிறு விளக்கு அந்த நேரத்தில் எரிவதும் இயல்பே. அது எரிவதைக் கண்டு ரேமைப் பிடுங்காதீர்கள்.

கால் மணி நேரம் கழித்தும் அந்த விளக்கு அணையவில்லை என்றால் மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு ரேமை மறுபடி பொருத்துங்கள். செருகுவதற்கு முன் ரேமின் அடிவிளிம்பில் உள்ள வெட்டும் ஸ்லாட்டில் உள்ள தடுப்பும் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். முந்தைய தலைமுறையான டிடிஆர் 4, இப்போதைய டிடிஆர் 5 இரண்டிலும் 288 தொடுமுனைகள்தான், நீளமும் ஒன்றுதான், வெட்டு இருக்கும் இடம் மட்டும் வேறு. டிடிஆர் 5இல் அந்த வெட்டு நடுவுக்கு மிக அருகில் இருப்பதால் திருப்பிப் பிடித்திருப்பது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. சரியாக நிற்கும் ரேமை இரு முனைகளிலும் இரு கட்டைவிரல்களை வைத்து நேராக அழுத்த வேண்டும். இப்போது வரும் போர்டுகள் பலவற்றில் ஒரு பக்கம் மட்டுமே கொக்கி இருக்கிறது. கொக்கி உள்ள முனையில் 'டக்' என்று கேட்டவுடன் வேலை முடிந்ததாக எண்ணி எழுந்துவிடுகிறார்கள், மறு முனை அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். இரு முனையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் போடுவதாக இருந்தால், பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். கையேட்டில் அவை ஏ2, பி2 என்றிருக்கும். ஒன்று மட்டும் என்றால் ஏ2. பிராசசருக்கு அருகில் போட்டால் வேகம் கூடும் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். உண்மை அதற்கு நேர்மாறானது: கோட்டின் கடைசியில் ரேம் இல்லாமல் விட்டால் அந்த வெற்று முனையிலிருந்து மின்குறிப்பு எதிரொலித்துத் திரும்பும்.

இன்னொரு வகை வாடிக்கையாளரும் உண்டு. இரண்டு ஆண்டுகள் நன்றாக ஓடிய ஜோடியோடு, அதே கம்பெனி, அதே எண், அதே நிறத்தில் இன்னொரு ஜோடி வாங்கிச் செருகிவிட்டு, "பெட்டியில் எல்லாம் ஒன்றுபோலத்தானே எழுதியிருக்கிறது" என்பார்கள். ஒரே மாடல் எண்ணின் கீழ் உள்ளிருக்கும் சில்லுகளை உற்பத்தியாளர் மாற்றுவதுண்டு, அதைப் பெட்டி சொல்லாது. நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் பிராசசருக்குச் சுமையும் கூடுகிறது. ரைசன் 7000 பிராசசர் வரிசைக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் இரண்டு ரேமுக்கு 5200, நான்குக்கு 3600 மட்டுமே. அதிக அளவு வேண்டுமானால் தொடக்கத்திலேயே பெரிய ஜோடி ஒன்றாக வாங்குங்கள்.

பெட்டியில் 6000 என்றிருக்க, கணினி 4800 காட்டுவது பழுதன்று. பயாஸில், பெட்டியில் எழுதிய வேகத்தை அமைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்க வேண்டும். இயக்கிய பிறகு கணினி எழவில்லை என்றால், மின்இணைப்பைத் துண்டித்து, கையேட்டில் காட்டியபடி சீமாஸை (பயாஸ் அமைப்புகளின் சேமிப்பை) அழித்து, பழைய வேகத்திலேயே விடுங்கள்.

இரண்டு ரேம் போட்டும் ஒன்றுதான் தெரிகிறது, எந்த ரேமை மாற்றினாலும் அதே பக்கத்து ஸ்லாட்டுகள் இரண்டும் ஊமையாக இருக்கின்றன என்றால் பிராசசரைக் கழற்றிப் பாருங்கள். ரேமை ஆளும் பகுதி பிராசசருக்குள்தான் இருக்கிறது. இன்டெல் பிராசசர்களுக்கான எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் 1700 முனைகள் உண்டு. அவற்றில் ஒன்று வளைந்தாலும் ஒரு சேனல் (பிராசசரிலிருந்து ஒரு பக்கத்து ஸ்லாட்டுகளுக்குப் போகும் பாதை) முழுவதும் போகலாம். பிராசசரின் மேல் இருக்கும் கூலரை ஒரு பக்கம் மட்டும் முறுக்கிவிட்டாலும் இதே குறி தோன்றும். நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை, சிறிது சிறிதாக முறுக்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய இரண்டு செய்திகளையும் சொல்ல வேண்டும். புது ரேமைப் பழைய பயாஸ் ஏற்கவில்லை என்றால் பயாஸைப் புதுப்பிப்பது சரியான வழிதான். ஆனால் லோட் ஷெடிங்கை இத்தனை ஆண்டு அனுபவித்த நாம், யூபிஎஸ்ஸோ இன்வெர்ட்டரோ இல்லாமல் அந்த வேலையில் இறங்கலாகாது. பாதியில் மின்சாரம் போனால் போர்டு எழாமலே போகலாம். மற்றது, டர்பன் ஈரக் காற்றுள்ள ஊர், பாகங்களைக் கெடுக்கும் நிலைமின்சாரம் இங்கே வராது என்னும் பேச்சு. குளிர்காலத்தில் உள்நாட்டிலிருந்து பெர்க் காற்று வீசும் நாட்களில் காற்று உலர்ந்துபோகிறது. ஜோகன்னஸ்பர்க்கில் குளிர்காலம் முழுவதுமே அப்படித்தான். கம்பளத்தின் மேல் உட்கார்ந்து பூட்டாமல், மேசையில் வைத்து, வண்ணம் பூசாத உலோகத்தை அடிக்கடி தொட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். ரேமை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள்.

மெர்பேங்க், பிளஃப் போன்ற கடலோரப் பகுதிகளிலிருந்து வரும் பழைய கணினிகளில் தொடுமுனைகள் மங்கிக்கிடப்பதைக் காண்கிறேன். அதற்கு அழிப்பானால் தேய்க்கும் வழக்கத்தை விட்டுவிடுமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தங்கப்பூச்சு மிக மெல்லியது. தேய்த்தால் இன்று வேலை செய்யும், அடியிலிருக்கும் உலோகம் வெளிப்பட்டு அடுத்த மழைக்காலத்தில் இன்னும் வேகமாகக் கறுக்கும். 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த, நூல் பிரியாத துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டாலே போதும்.

இவ்வளவும் செய்த பிறகுதான் ரேமைச் சோதிக்க வேண்டும். ஒரே ரேமை ஏ2 ஸ்லாட்டில் போட்டு, மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டு, பிறகு அடுத்ததை அதே ஸ்லாட்டில் போடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை ஏற்கலாகாது. பிழை காட்டும் திரையைப் படமெடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்குப் போங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக்கொடுத்து, பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கும் உரிமையை நமக்குத் தருகிறது. நாமே உடைத்த ஸ்லாட்டுக்கு அந்த உரிமையைக் கேட்க முடியாது.

என்னைப் போன்ற பழுதுபார்ப்பவரிடம் கொண்டுவருவதாக இருந்தால், ரேமைச் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவராதீர்கள். வாங்கியபோது இருந்த உறையிலேயே வையுங்கள். மதர்போர்டின் கையேட்டையும், பிராசசர் சாக்கெட்டின் மேல் இருந்த பிளாஸ்டிக் மூடியையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். எந்த ஸ்லாட்டில் எதைப் போட்டீர்கள், எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள் என்பதை ஒரு தாளில் உள்ளபடி எழுதித் தாருங்கள். இரண்டு நிமிடம்தான் காத்திருந்தீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். நான் கோபிக்க மாட்டேன்.