ரசிகர்களை விளம்பர ஆட்களாக்காதீர்கள்

திகில், துப்பறியும் கதை, அறிவியல் புனைகதை, மாயாஜால நாவல் என்று ஏதாவது ஒரு வகையை மட்டும் பிடித்துக்கொண்டு புத்தகம் போடும் சிறு பதிப்பகங்களுக்கு விளம்பர வேலை பார்ப்பது என் தொழில். இப்படிப்பட்ட பதிப்பகத்தில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். மெய்ப்புப் பார்ப்பதும் அவர்கள்தான், பார்சல் கட்டுவதும் அவர்கள்தான். விளம்பரத்துக்கென்று தனிப் பணம் இருக்காது. வாசகர்கள் மதிப்புரை எழுதும் குட்ரீட்ஸ் தளத்தில் பரிசுப் பிரதி அறிவிப்பதற்குக்கூட 2018 ஜனவரியில் கட்டணம் கொண்டுவந்துவிட்டார்கள். அப்போது சாதாரண அறிவிப்புக்கே 119 டாலர். ஆகவே பதிப்பாளரின் கண் ரசிகர்கள் மேல் விழுகிறது. “கையில் காசு இல்லை, ஆனால் எங்கள் புத்தகம் என்றால் உயிரை விடும் வாசகர்கள் இருக்கிறார்கள். அவர்களை வைத்து இணையத்தில் ஏதாவது செய்யலாமா?”

செய்யலாம். இந்த வகை எழுத்து வளர்ந்ததே அப்படித்தான். 1926இல் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழ் வாசகர் கடிதங்களை முகவரியோடு அச்சிட்டது. அந்த முகவரிகளைப் பார்த்து வாசகர்கள் தங்களுக்குள் கடிதம் எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள், சங்கம் கூடினார்கள், சொந்தமாகச் சிறு இதழ்கள் நடத்தினார்கள். அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட் இறந்த பிறகு அவருடைய திகில் கதைகளைத் தொகுத்துப் போடப் பெரிய பதிப்பகங்கள் முன்வரவில்லை. ஆகஸ்ட் டெர்லெத், டொனால்ட் வாண்ட்ரே என்ற அவருடைய ரசிகர்கள் இருவர் 1939இல் அதற்கென்றே ஆர்க்கம் ஹவுஸ் பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். முதல் புத்தகம் 1,268 பிரதிகள். அது விற்றுத் தீரவே சில ஆண்டுகள் ஆயின. லவ்கிராஃப்டின் பெயர் இன்று இவ்வளவு பரவியிருக்கிறது என்றால் அதில் இந்த இருவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, ரசிகர் உதவியைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எதைக் கேட்கிறோம், எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

ஒரு திகில் பதிப்பகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். புத்தகம் வெளியாவதற்கு முந்தைய இரவு, ரசிகர்களுக்கான வாட்ஸ்அப் குழுவில் பதிப்பாளர் ஒரு செய்தி போட்டார். நாளைக் காலை பத்து மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் ஐந்து நட்சத்திரம் போட வேண்டும். எழுத நேரமில்லாதவர்கள் கீழே உள்ள மாதிரிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் மூன்று மாதிரிகள். அதில் ஒன்று, “விளக்கை அணைத்துவிட்டுப் படிக்காதீர்கள், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது” என்று முடியும். மறுநாள் மதியத்துக்குள் விற்பனைப் பக்கத்தில் பத்துக்கு மேற்பட்டவர்கள் விளக்கை அணைக்க வேண்டாம் என்று எச்சரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அவசரத்தில் ‘மாதிரி 2’ என்ற தலைப்பையும் சேர்த்தே ஒட்டிவிட்டிருந்தார்.

அந்த வாரம் முடிவதற்குள் தளம் பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டது. போகட்டும் என்று விடலாம். ஆனால் சொந்தக் காசில் வாங்கி, மூன்று பத்திக்கு நிதானமாக எழுதியிருந்த ஒரு வாசகியின் மதிப்புரையும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து போய்விட்டது. சிலருக்கு மதிப்புரை எழுதும் வசதியே பறிபோனது. இதற்குள் யாரோ அந்த ஒரே மாதிரி வரிகளை அருகருகே வைத்துப் படமெடுத்துப் பரப்பிவிட்டார்கள். நாவல் உண்மையிலேயே நல்ல நாவல். ஆனால் அடுத்த ஒரு மாதம் அந்த எழுத்தாளரின் பெயரைத் தேடினால் முதலில் வந்தது அந்தப் படம்தான்.

இதில் எரிச்சலூட்டும் விஷயம், அந்த ரசிகர்களில் பலர் தாங்களாகவே எழுதியிருப்பார்கள் என்பதுதான். வெவ்வேறு நாளில், வெவ்வேறு நடையில், சிலர் நான்கு நட்சத்திரத்தோடு. “முடிவு கொஞ்சம் அவசரம், ஆனால் அந்தக் கிணற்றுக் காட்சிக்காகவே படிக்கலாம்” என்று ஒருவர் எழுதினால் அதை நம்பி நான் புத்தகம் வாங்குவேன். ஐந்து நட்சத்திரமும் ‘சூப்பர்’ என்ற ஒற்றைச் சொல்லும் யாரையும் வாங்க வைப்பதில்லை. ஐம்பது மதிப்புரை சேர்ந்துவிட்டால் அமேசான் தானாகவே புத்தகத்தைப் பலருக்கும் முன்னிறுத்தும் என்று எழுத்தாளர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை உண்டு. அமேசான் அப்படி எந்த எண்ணையும் அறிவித்ததில்லை. இந்த ஐம்பதைத் துரத்தித்தான் பாதிப் பேர் வம்பில் மாட்டுகிறார்கள்.

விதி என்ன என்றும் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது பலரும் நினைப்பதைவிடத் தாராளமானது. இலவசமாகப் பொருள் வாங்கிக்கொண்டு மதிப்புரை எழுதுவதை 2016 அக்டோபரில் அமேசான் தடை செய்தது. அதில் புத்தகத்துக்கு விலக்கு கொடுத்தது. வெளியீட்டுக்கு முன்பே படிக்கத் தரும் முன்பிரதியை அனுப்பும் வழக்கம் பதிப்புலகில் காலங்காலமாக இருப்பதுதானே. ஆனால் அனுப்புகிறவர் நிபந்தனை போடக் கூடாது. ‘நல்லபடியாக எழுதினால்’ என்று மட்டுமல்ல, ‘எழுதினால்’ என்றுகூடக் கேட்கக் கூடாது. நல்ல மதிப்புரைக்கு அடுத்த புத்தகம் இலவசம், பரிசுக் கூப்பன் என்றெல்லாம் ஆசை காட்டினால் அது விலைக்கு வாங்கியதாகிவிடும். எழுத்தாளரின் குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் எழுதவே கூடாது. பாசத்தோடு எழுதும் தங்கையிடம் இதைப் புரியவைப்பது பெரும்பாடு என்பது எனக்குத் தெரியும். சொல்லித்தான் ஆக வேண்டும்.

சட்டமும் இப்போது இறுகிவிட்டது. அமெரிக்காவில் எஃப்டிசி எனப்படும் வணிக ஆணையம், இலவசமாகப் பொருள் பெற்றவர் அதைச் சொல்ல வேண்டும் என்று 2009லேயே வழிகாட்டுதல் கொடுத்தது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அதன் புதிய விதி போலி மதிப்புரைகளையும், புகழ்ந்து எழுதக் கூலி கொடுப்பதையும் நேரடியாகவே தடை செய்கிறது. அபராதம் ஒவ்வொரு மீறலுக்கும் 50,000 டாலரைத் தாண்டலாம். பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் இதேபோன்ற தடை உண்டு. இந்தியாவில் இணைய மதிப்புரைகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரநிலை 2022 நவம்பரில் வந்தது. சிறு பதிப்பகத்தைத் தேடிப்பிடித்து யாரும் வழக்குப் போடப்போவதில்லை என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் வாசகர்கள் தேடிப்பிடிப்பார்கள். துப்பறியும் கதை படிப்பவர்களிடம் போய்த் தடயத்தை மறைக்கப் பார்ப்பது அவ்வளவு புத்திசாலித்தனமல்ல.

பிரதி இலவசமாக வந்தது என்று சொல்லிவிடுவதில் நஷ்டமும் இல்லை. ‘பதிப்பகம் அனுப்பிய முன்பிரதியைப் படித்து எழுதுகிறேன்’ என்று முதல் வரியிலேயே இருந்தால் போதும். ஹேஷ்டேக் குவியலுக்கு அடியில் ஒளித்து வைப்பது சொன்னதாகாது. ரசிகர் தனக்குக் கமிஷன் கிடைக்கும் விற்பனை இணைப்பைப் போட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இப்படிச் சொன்னால் நம்பிக்கை குறையும் என்று பதிப்பாளர்கள் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை முன்பிரதி கிடைத்தது என்று எழுதுவதை வாசகர்கள் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்க்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ரசிகரின் உதவி எந்த இடத்தில் சம்பளமில்லாத வேலையாக மாறுகிறது? ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனம் 1990களில் தன் அரட்டை அறைகளையும் செய்திப் பலகைகளையும் கவனித்துக்கொள்ள ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை வைத்திருந்தது. இவர்களுக்குப் பயிற்சி, வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கு, அறிக்கை எல்லாம் உண்டு; சம்பளம் மட்டும் இல்லை, இணைப்புக் கட்டணத்தில் சலுகைதான். 1999இல் சிலர் வழக்குப் போட்டார்கள். 2010இல் ஒன்றரைக் கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. சிறு பதிப்பகத்துக்கும் ஏஓஎல்லுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம், சரி. ஆனால் “வாரம் மூன்று பதிவு கட்டாயம், வியாழக்கிழமை கணக்குக் காட்ட வேண்டும்” என்று ரசிகர் குழுவுக்கு அட்டவணை போட்ட பதிப்பாளர்களை எனக்குத் தெரியும். அது வேலை. வேலை என்றால் கூலி கொடுங்கள். உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தை மாதக்கணக்கில் ஒரு ரசிகர் நடத்திக்கொண்டிருந்தால், பேசி ஒரு தொகை முடிவு செய்து எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு அவர் உங்கள் ஆள். உங்கள் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதக் கூடாது.

அப்படியானால் கேட்கக்கூடியது என்ன?

எனக்குத் தெரிந்து மிக அதிகமாகப் பயன்பட்ட உதவி யாரும் கேட்காமல் வந்தது. ஒரு மாயாஜாலத் தொடரில் ஏழு நாவல்கள். நடுவே இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வேறு. வெளியான வரிசை ஒன்று, கதை நடக்கும் கால வரிசை வேறொன்று. புதிதாக வருகிறவர் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திரும்பிப் போய்விடுவார். ஒரு ரசிகர் ஒற்றைப் பக்கத்தில் ஒரு படம் செய்து போட்டார். எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம், எதைத் தாண்டிப் போனாலும் பாதகமில்லை, எதை மூன்றாவதற்கு முன் தொடக் கூடாது என்று ஒரு ஸ்பாய்லர்கூட இல்லாமல் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார். ஒரு மூலையில், “ஐந்தாவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் படித்துத்தான் ஆக வேண்டும்” என்று சிறிய எழுத்தில் ஒரு வரி. பதிப்பாளர் அந்த வரியை எடுத்துவிடச் சொல்லலாமா என்று என்னிடம் கேட்டார். கூடவே கூடாது என்றேன். அந்தப் படத்துக்குப் பிறகு முதல் புத்தகம் மறுபடி விற்கத் தொடங்கியது, அதன் பின்னால் மற்றவையும் நகர்ந்தன. தொடர் எழுதுகிறவர்களுக்குப் பிழைப்பே பழைய புத்தகங்களில்தான் இருக்கிறது. புதிய நாவலுக்குக் கூச்சல் போடுகிற அவசரத்தில் அதை மறந்துவிடுகிறார்கள்.

நூலகத்தில் வாங்கச் சொல்லிக் கேட்பது இன்னொன்று. பெரும்பாலான நூலகங்களில் வாசகர் பரிந்துரைக்கு ஒரு வழி இருக்கும். தலைப்பு, ஆசிரியர், ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண் மூன்றையும் ரசிகருக்கு எடுத்துக் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. வாங்க நினைப்பவர் முன்பதிவு செய்தால் எத்தனை அச்சடிக்கலாம் என்று பதிப்பாளருக்குத் தைரியம் வரும். இதெல்லாம் தெரிந்ததுதான்.

முன்பிரதியோடு அனுப்பும் குறிப்புக்கு நான் எழுதித் தரும் வாசகம் இது. வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் (பதிப்பாளர்கள் தாராளமாக நகலெடுக்கலாம், ரசிகர்கள்தான் கூடாது):

“இந்தப் பிரதி உங்களுக்கு அன்பளிப்பு. மதிப்புரை எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை. எழுதினால் பிடித்ததையும் பிடிக்காததையும் உங்கள் சொற்களில் எழுதுங்கள், பிரதி எங்களிடமிருந்து வந்தது என்று குறிப்பிடுங்கள். நாங்கள் எதையும் திருத்தச் சொல்ல மாட்டோம். இது இறுதி மெய்ப்பு முடியாத பிரதி. பிழை கண்டால் எங்களுக்குத் தனியாகச் சொன்னால் மகிழ்வோம். கோப்பை யாருக்கும் அனுப்ப வேண்டாம். பாதியில் பிடிக்காமல் போனால் மூடி வைத்துவிடுங்கள், வருத்தமில்லை.”

கோப்பைப் பற்றிய அந்த வரிக்குக் காரணம் உண்டு. வெறும் பிடிஎஃப் ஆக அனுப்பினால் ஒரே வாரத்தில் ஏதாவது டெலிகிராம் குழுவில் அது கிடக்கும். கசியவிட்டவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, ஆர்வக்கோளாறில் நண்பருக்குக் கொடுத்திருப்பார். மின்நூல் அனுப்ப உதவும் புக்ஃபனல் போன்ற சேவைகள் பெறுபவரின் அடையாளத்தைக் கோப்பிலேயே பதித்துத் தரும். முன்பிரதி வழங்கும் நெட்கேலி தளத்தில் கோப்பை நகலெடுக்கவிடாத பூட்டு வசதி உண்டு. பெயர் பதிந்திருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி பிரச்சினை தீரும்.

அட்டைப்படம் பலரும் யோசிக்காத இடம். ரசிகர் ஆசையாக அட்டை ஓவியத்தை எடுத்து ஸ்டிக்கர், சட்டை, போஸ்டர் என்று செய்து விற்க ஆரம்பிப்பார். பதிப்பாளர் மகிழ்ந்து பகிர்வார். ஆனால் ஓவியரிடம் வாங்கிய உரிமை பெரும்பாலும் புத்தகத்துக்கும் அதன் விளம்பரத்துக்கும் மட்டுமானதாக இருக்கும். சட்டைக்கு அனுமதி கொடுக்கப் பதிப்பாளருக்கே உரிமை இராது. ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துவிட்டு, எதை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கோப்புறையாகவே ரசிகர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். அட்டை, ஆசிரியர் படம், அரைப் பக்க மேற்கோள், ஓவியர் பெயரை எப்படிப் போட வேண்டும் என்ற குறிப்பு. அவ்வளவு இருந்தால் போதும். ஒரு முழு அத்தியாயத்தை வாசித்து யூடியூபில் போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்கட்டும். ஒலிநூல் உரிமை வேறு யாரிடமாவது இருக்கலாம்.

கடைசியாக, படைதிரட்டல். இரண்டு நட்சத்திரம் கொடுத்த ஒருவரை ரசிகர்கள் கூட்டமாகப் போய்த் திட்டுவது இந்த உலகில் சர்வசாதாரணம். எழுத்தாளர் அந்த மதிப்புரையைப் படம் பிடித்து வருத்தப்பட்டுப் போட்டாலே போதும், பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, மீதி தானாக நடக்கும். அதைத் தடுக்க வேண்டியது பதிப்பகம்தான், அதுவும் முதல் ஒரு மணி நேரத்துக்குள். இதன் மறுபக்கமும் உண்டு. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஓர் அறிமுக எழுத்தாளர், தன்னைப் போன்ற மற்ற புது எழுத்தாளர்களின் புத்தகங்களுக்குக் குட்ரீட்ஸில் போலிக் கணக்குகளால் ஒற்றை நட்சத்திரம் போட்டது வெளியே வந்தது. அதைக் கண்டுபிடித்துத் தொகுத்தவர்கள் வாசகர்களும் சக எழுத்தாளர்களும்தான். பதிப்பகம் அவருடைய நாவலைக் கைவிட்டது, முகவரும் விலகினார். ரசிகர் குழுவில் யாராவது போட்டிப் புத்தகத்தை ‘கவனித்துக்கொள்ளலாமா’ என்று விளையாட்டாகக் கேட்டாலும் அங்கேயே, எல்லோரும் பார்க்க, வேண்டாம் என்று எழுதுங்கள்.

குழு தொடங்கும்போதே முடிவுத் தேதியையும் அறிவித்துவிடுங்கள். புத்தகம் வந்து மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நாளில் நன்றி சொல்லி, சேகரித்த முகவரிகளையும் எண்களையும் அழித்துவிட்டு, குழுவை மூடிவிடுங்கள். அடுத்த புத்தகத்துக்கு வருகிறீர்களா என்று அப்போது ஒவ்வொருவரையும் புதிதாகக் கேளுங்கள். வராதவரிடம் காரணம் கேட்க வேண்டாம்.