மவுண்ட் தோற்றால் மெமரியை யார் விடுவிப்பது?

சில வருடங்களுக்கு முன் லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் ஒன்றுக்கு ஒரு வரி பேட்ச் போட்டேன். மவுண்ட், அதாவது ஃபைல் சிஸ்டத்தைக் கணினியோடு இணைக்கும் வேலை, பாதியில் தோற்றால் வாங்கிய மெமரி விடுவிக்கப்படாமல் கசிகிறது என்று கேமெம்லீக் என்ற கர்னல் கருவி காட்டியிருந்தது. மவுண்டின்போது ஃபைல் சிஸ்டத்தை அமைக்கும் ஃபில்_சூப்பர் ஃபங்ஷனில், தோற்றால் கோட்டூ கட்டளை தாவிவரும் கடைசி எரர் லேபிளில், மெமரியை விடுவிக்கும் கேஃப்ரீ ஒன்றைச் சேர்த்தேன். கசிவு நின்றுவிட்டது. மறுவாரமே மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கேசான் அலறியது: அதே மெமரி இரண்டு தடவை விடுவிக்கப்படுகிறதாம்!

உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது. மெமரி வாங்கியதற்கும், அதை சூப்பர்பிளாக்கின் (மவுண்ட் ஆகும் ஃபைல் சிஸ்டத்தின் விவரங்களை வைக்கும் அமைப்பு) எஸ்_எஃப்எஸ்_இன்ஃபோ என்ற பாயின்டரில் மாட்டியதற்கும் நடுவே ஒரு சோதனை இருந்தது. அங்கே தோற்றால், சூப்பர்பிளாக்கைக் கலைக்கும் ஃபங்ஷனான கில்_எஸ்பிக்கு அந்த மெமரி இருப்பதே தெரியாது, அதனால் கசிவு. மாட்டிய பிறகு தோற்றால் கில்_எஸ்பி தானே விடுவித்துவிடும், ஏனென்றால் ஃபில்_சூப்பர் தோற்றாலும் அது கட்டாயம் கூப்பிடப்படும். இந்த இரண்டு வழிகளும் ஒரே லேபிளில் வந்து விழுந்தன. நான் ஒன்றை மட்டும் பார்த்திருந்தேன்.

கலைக்கும்போது கூப்பிடப்படும் இன்னொரு ஃபங்ஷனான புட்_சூப்பர் இன்னும் வம்பு. எஸ்_ரூட், அதாவது ரூட் டைரக்டரிக்கான டென்ட்ரி (பெயரை ஐநோடோடு இணைக்கும் பதிவு), அமைந்திருந்தால்தான் அது ஓடும். ஆகவே ரூட் டென்ட்ரி அமைவதற்கு முந்தைய தோல்விக்கு ஒரு கணக்கு, பிந்தையதற்கு இன்னொரு கணக்கு. அந்த டென்ட்ரியை உருவாக்கும் டி_மேக்_ரூட்டிலும் ஒரு பொறி உண்டு: தோற்றால் நல் திருப்பும், ஆனால் அதற்குள் ஐநோடை (ஃபைலின் விவரங்களை வைக்கும் அமைப்பு) ஐபுட் செய்து, அதன் மீதான பிடியை விட்டிருக்கும். புதிதாக வருபவர்கள் பொறுப்போடு இன்னொரு ஐபுட் எழுதுவார்கள். ரிவ்யூவில் அது ஒழுங்கான கோடாகவே தெரியும், அதுதான் தொல்லை.

இப்போதெல்லாம் பேட்ச் அனுப்பும் முன் ஃபால்ட் இன்ஜெக்ஷன், அதாவது வேண்டுமென்றே தோல்வியை உண்டாக்கும் கர்னல் வசதி, போட்டுப் பார்க்கிறேன். ஃபெயில்-என்த் ஃபைலில் 1 என்று எழுதினால் முதல் மெமரி ஒதுக்கீடு தோற்கும், 2 என்றால் இரண்டாவது. கேசானும் கேமெம்லீக்கும் ஓடிக்கொண்டிருக்க, மவுண்ட் வெற்றி பெறும்வரை எண்ணை ஏற்றிக்கொண்டே போவேன். சலிப்பான வேலைதான், ஸ்கிரிப்ட் எழுதிவிட்டால் டீ குடித்துவிட்டு வரலாம்.

2023-இல் வந்த 6.5 கர்னலில் இருந்து, வேரியபிளின் ஸ்கோப் (அது செல்லுபடியாகும் கோடுப் பகுதி) முடிந்ததும் மெமரியைத் தானே விடுவிக்கும் வசதி இருக்கிறது. அதையும் கோட்டூவையும் ஒரே ஃபங்ஷனில் கலக்காதீர்கள். கர்னல் ஆவணமே வேண்டாம் என்கிறது.

என் பிழைக்கு வந்த திருத்தம்? மெமரி வாங்கிய அடுத்த வரியிலேயே எஸ்_எஃப்எஸ்_இன்ஃபோவில் மாட்டினேன். விடுவிக்கும் வேலை முழுக்க கில்_எஸ்பியிடம் போனது. நான் சேர்த்த கேஃப்ரீயும் அந்த லேபிளும் கோடிலிருந்தே காணாமல் போயின.