லேமினேஷன் போட்டும் கலர் ஏன் போகிறது?

சதாபிஷேகத்தன்று எடுத்த படம். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருக்கிறார்கள். பாட்டியின் அரக்குப் பட்டு இப்போது சாம்பல் நீலம். தாத்தா நெற்றியில் குங்குமம் இருந்த இடமே தெரியவில்லை. பிரிண்ட் எங்கள் கடையில் போட்டதல்ல. ஆனால் அதைக் கொண்டுவந்த பேரன் கேட்டது, எனக்குக் காது புளித்துப்போன கேள்வி: "லேமினேஷன் போட்டும் எப்படி சார் கலர் போகும்?"

போகும் தம்பி. லேமினேஷன் தண்ணீரைத் தடுக்கும், விரல் ரேகையைத் தடுக்கும், தூசியைத் தடுக்கும். நிறத்தை அழிப்பது வெளிச்சம். அந்த பிளாஸ்டிக் வழியாகப் படம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வருகிறது என்றுதானே அர்த்தம்? குடையைக் கண்ணாடித் தாளில் செய்து பிடித்தால் மழை படாது, வெயில் படும். அவ்வளவுதான் விஷயம். பிரேம் கண்ணாடியும் அப்படியே. சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் நிறுத்தும். அதை முழுதாக நிறுத்துகிற உயர்ந்த ஃபிலிம் போட்டாலும், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே பல சாயங்களை மெல்ல வெளுத்துவிடும். இன்னொன்று: அச்சகத்தில் அட்டைக்குப் போடும் 'யூவி கோட்டிங்' வெயிலைத் தடுக்க வந்ததல்ல. புற ஊதா விளக்கில் காய வைக்கிற வார்னிஷ், அதனால் அந்தப் பெயர். அதை நம்பி மெனு கார்டை வாசலில் மாட்டுகிறவர்களை என்ன சொல்வது!

எல்லா நிறமும் ஒரே வேகத்தில் போவதில்லை. பஸ் ஸ்டாண்டில் பழைய போஸ்டர்கள் நீலம் பூத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் மெஜந்தாவும் (ஊதா கலந்த சிவப்பு மை) முதலில் ஓடிவிடும். சயனும் (பச்சை கலந்த நீல மை) கறுப்பும் தாக்குப்பிடிக்கும். சயனில் இருப்பது தாமிரம் கலந்த தாலோசயனின் நிறமி, கறுப்பில் இருப்பது கரி. அச்சு மையின் ஒளித்தாங்கு திறனை 1 முதல் 8 வரை நீலக் கம்பளி அளவுகோலில் மதிப்பிடுவோம்; நீலச் சாயமேற்றிய கம்பளித் துண்டுகள் வெளுக்கும் வேகத்தோடு ஒப்பிடுவது அது, எண் கூடினால் தாங்குதிறனும் கூடுதல். தாலோசயனின் நீலம் 7, 8 என்று நிற்கும், வழக்கமான ஆப்செட் மஞ்சள் அதன் பக்கத்திலேயே வராது. வெயிலில் நிற்கப்போகிற அச்சு என்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள். தாங்குகிற மை இருக்கிறது, விலைதான் கூடுதல்.

இங்க்ஜெட்டில் பிரிண்ட் போடுகிறீர்களா? மை 'டை'யா (கரைந்த சாயம், சீக்கிரம் வெளுக்கும்) 'பிக்மென்ட்'டா (நிறமித் துகள், அதிகம் தாங்கும்) என்று கேளுங்கள். கடைக்காரர் முழித்தால் வேறு கடை பாருங்கள். உடனே காயும் பளபள பேப்பரில் டை மை போட்டு, கண்ணாடி இல்லாமல் சுவரில் விட்டால், வெளுக்க வெயிலே வேண்டாம், காற்றில் இருக்கும் ஓசோனே போதும்.

சரி, என்ன செய்யலாம்? ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் வேண்டாம். படத்துக்கு மேலே இரவு பகலாக எரியும் விளக்கும் வேண்டாம். பட்ட வெளிச்சமெல்லாம் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். பாதி வெளிச்சம் என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு ஆயுள். அசல் ஃபைலைப் பத்திரமாக வையுங்கள், இரண்டு இடத்தில். வெளுத்த தாளில் நிறத்தைத் திரும்ப ஏற்ற எந்த மருந்தும் கிடையாது. ஸ்கேன் செய்து, ஊகித்து, புதிதாக பிரிண்ட் போடத்தான் முடியும்.

அப்புறம் இந்த லேமினேஷன் மோகம். வாரண்டி பில்லை தயவுசெய்து சூடான மெஷினில் விடாதீர்கள். அது பெரும்பாலும் வெப்பத்தால் எழுத்து விழும் தாள், முழுக்கக் கறுத்துவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். அந்த ஜெராக்ஸையும் மெத்தென்ற பிவிசி கவரில் திணித்து வைத்தால் எழுத்து கவரில் ஒட்டிக்கொண்டு வரும், பாலிபுரோப்பிலீன் கவர் கேளுங்கள். சான்றிதழ்களை லேமினேட் செய்யவே வேண்டாம். நாளைக்கு ஓர் அலுவலகத்தில் முத்திரை வைக்கச் சொன்னால் பிளாஸ்டிக் மேலா வைப்பார்கள்?

பழைய போட்டோ பிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் வீட்டில் பிய்க்காதீர்கள், தண்ணீரும் தெளிக்காதீர்கள். படத்தின் முகமே கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடு அப்படியே கொண்டுவாருங்கள், அதன் மேலேயே ஸ்கேன் எடுத்துவிடலாம். புது பிரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள்.